ஒன்பது விநாடி

தன் கணவனைக் கொன்றது ஒரு பிரவுசர் என்று செண்பகவல்லி சொன்னபோது கோவில்பட்டியில் யாரும் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதுதான் காரணம். பாவம், அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் உளறவில்லை. அது 2046-ம் வருஷம். அவள் கணவர் தங்கமாரியப்பன் தீப்பெட்டி ஆலைகளில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது உயிர். மாற்று உறுப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பதிவேட்டின் விதி எளிமையானது. பொருத்தமான உறுப்பு கிடைத்தால், பதிவு செய்த கம்ப்யூட்டருக்கு அழைப்பு வரும். பதினைந்து நிமிஷத்துக்குள் ‘தூதன்’ என்ற பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தரகர்கள் அடுத்தவர் முறையைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக, வேறு கருவியிலிருந்தோ போனிலிருந்தோ அழுத்த முடியாதபடி செய்திருந்தார்கள்.

அவர்கள் பதிவு செய்திருந்தது பதினான்கு வருஷத்துக் கம்ப்யூட்டர். செண்பகவல்லி சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டராகப் பதினோரு வருஷம் வேலை பார்த்த அலுவலகத்தை மூடியபோது, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து அனுப்பியது. வயசானாலும் நல்ல உழைப்பாளி. தூதனை மட்டும் அதில் நம்ப முடியாது. சில நாள் திறக்கும், சில நாள் வெள்ளையாக நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அழைப்பு வந்தது.

தங்கமாரியப்பன் கட்டிலில் இருந்து எழுந்தே விட்டார். “வல்லி, நமக்குத்தானா? நல்லாப் பாரு.”

“நமக்குத்தாங்க. உக்காருங்க, விழுந்துராதீக.”

தூதனைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் வெள்ளை. மூடித் திறந்தாள். மறுபடியும் வட்டம். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அது உயிர் பெற்று வர இரண்டரை நிமிஷம். அந்த இரண்டரை நிமிஷமும் அவர் அவள் தோளில் கை வைத்து நின்றார், கை நடுங்குவது அவளுக்குத் தெரியக் கூடாது என்று அழுத்திக்கொண்டு. இந்த முறை பக்கத்தின் தலைப்பு மட்டும் வந்தது. பொத்தான் வரவில்லை. “நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டனோ?” என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். முந்தானையால் திரையைத் துடைத்துக்கூடப் பார்த்தாள்.

பதினொன்று இருபத்தைந்துக்குப் பக்கம் முழுசாகத் திறந்தது. ‘உங்கள் தரப்பிலிருந்து சம்மதம் வரவில்லை. வாய்ப்பு அடுத்தவருக்கு வழங்கப்பட்டது.’

“விடு புள்ள,” என்றார் அவர். “அடுத்த தடவை பாத்துக்கிடலாம்.”

அடுத்த தடவை வரவில்லை. நாற்பத்தொரு நாளில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அவள் புகார் எழுதினாள். ‘உங்கள் கணினி பழையது. புதிய கணினிக்கு மாறவும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அதே வரி.

ஒரு பொருள் ஏன் உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் டெஸ்டரின் வேலை. செண்பகவல்லிக்கு அழுது முடிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சோதிக்க ஆரம்பித்தாள். காலையில், மதியத்தில், சாயங்காலத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு முறை. கம்ப்யூட்டர் சோர்ந்துபோகவில்லை, இணைப்பு அறுபடவில்லை, பக்கம் மட்டும் திறக்கவில்லை. வெறுத்துப்போய் ஒரு சின்னப் பொய் சொல்லிப் பார்த்தாள். வேறொரு பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, ‘இது போன மாதம் வாங்கிய கம்ப்யூட்டர்’ என்று தூதனை நம்பவைத்தாள்.

ஒரே விநாடி. பக்கம் திறந்து, பொத்தான் பச்சையாக மின்னியது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சென்னையில் இருந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். பழைய அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவள். இப்போது தூதனைச் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள்.

“அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க,” என்றாள் ஜெசிந்தா. “அதுக்கு உள்ளுக்குள்ள ‘வரிசை’ன்னு பேரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்பெண் இருக்கு. பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க பாதியிலயே பக்கத்த மூடிட்டுப் போயிருவாங்கன்னு அது கணிக்குது. போறவங்களுக்கு எதுக்குப் பக்கத்த அனுப்பி வேகத்த வீணாக்கணும்னு, அவங்களக் காக்க வைக்குது.”

“காக்க வச்சா மூடிட்டுத்தானே போவாங்க?”

“ஆமா. மூடினா மதிப்பெண் இன்னும் குறையும்.”

“அது ஆஸ்பத்திரின்னு அதுக்குத் தெரியாதா?”

“அதுக்குப் பக்கம்னா பக்கம்தான்க்கா. சினிமா டிக்கெட்டும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்.”

“யாரு எழுதினது?”

“இளஞ்சேரன் சார். எங்க தலைமை வடிவமைப்பாளர்.”

அந்தப் பெயரை அவள் தேடிப் படித்தாள். ‘இந்தியாவின் மிக வேகமான பிரவுசரைத் தந்தவர்’ என்று மேடைமேடையாக ஏற்றியிருந்தார்கள். ஒல்லியான மனிதர், மரியாதையான சிரிப்பு. ஒரு பேட்டியில் ‘மக்களின் நேரம்தான் எனக்கு முக்கியம்’ என்று சொல்லியிருந்தார். அந்தப் பேட்டியை அவள் எத்தனையோ முறை பார்த்தாள். கடைசியில் அந்தச் சிரிப்பு அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

வழக்குப் போடச் சொன்னார்கள் சிலர். வழக்கில் கம்பெனிதான் நிற்கும், இளஞ்சேரன் நிற்க மாட்டார். அவளுக்கு அந்த ஆள் வேண்டியிருந்தது. வெள்ளைப் பக்கத்தின் முன்னால் அவர் பதினைந்து நிமிஷம் உட்கார வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கம்பெனியில் ‘பழைய கருவிகள் பிரிவு’ என்று ஒன்று இருந்தது. ஏழாவது மாடியில் ஒரு மூலை. அலமாரி நிறைய காலாவதியான கம்ப்யூட்டர்கள். அங்கே வேலைக்கு வர இளசுகள் யாரும் விரும்புவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பதினோரு வருஷ அனுபவத்தோடு ஒருத்தி விண்ணப்பித்ததும் உடனே எடுத்துக்கொண்டார்கள். சிறுசேரிப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். யாரிடமும் அதிகம் பேசவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தாள். நல்ல டெஸ்டர் என்று பெயரும் எடுத்தாள். அந்தப் பாராட்டு அவளுக்குக் கசந்தது.

ஐந்தாவது மாதம் அவளுக்கு வேண்டியது கிடைத்தது. பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் எப்படித் திறக்கிறது என்று பார்ப்பதற்காக, எந்த வீட்டின் பெயருக்கு எதிரிலும் டெஸ்டர் ஒரு டிக் போடலாம். போட்டால், அந்த வீட்டில் எவ்வளவு புதிய கருவி இருந்தாலும் தூதன் அதைப் பதினான்கு வருஷத்துக் கம்ப்யூட்டராகவே எண்ணும்.

இளஞ்சேரனின் வீட்டைத் தேடினாள். கோப்பில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. மாற்று உறுப்புப் பதிவேடு, கல்லீரல், காத்திருப்பில். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆக, அவரும் காத்திருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிடாத சாமி தானாக இறங்கி வந்து வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

டிக் போட்டாள். போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை சாப்பிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ருசி தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் தினமும் பார்த்தாள். கூட்டத்துக்குப் போக வேண்டிய பக்கம் திறக்காமல் இளஞ்சேரன் வராந்தாவில் நின்றார். விமான டிக்கெட் பாதியில் நின்றுபோனது. ஒரு வாரத்துக்குள் மூன்று கம்ப்யூட்டர் மாற்றினார். வட்டம் சுற்றும், அவர் பொறுமையிழந்து மூடுவார். மூட மூட மதிப்பெண் சரிந்தது. தன் ஆட்களை விட்டே சோதிக்கச் சொன்னார். அவர்கள் சோதித்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு சார். நீங்க பக்கத்த ரொம்ப மூடுறீங்க, அதான்,” என்றார்கள்.

லிப்டில் ஒரு நாள் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு யாரிடமோ போனில் சொன்னார்: “பைத்தியம் பிடிக்குதுப்பா. நான் கட்டின வீட்டுக்குள்ளயே என்ன விட மாட்டேங்குது.”

செண்பகவல்லி லிப்டின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ இனித்தது.

நான்கு மாதம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு வேளை. பிரிவில் அவள் மட்டும் இருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு இளஞ்சேரன் ஓடி வந்தார். கையில் திறந்தபடி அவருடைய மடிக்கணினி. சட்டை நனைந்திருந்தது.

“மேடம், பழைய மெஷின்ல திறக்க வைக்க உங்களுக்கு ஏதாவது வழி தெரியுமாமே. ப்ளீஸ். பதிவேட்டுல இருந்து அழைப்பு வந்திருக்கு. நாலு நிமிஷம் போயிருச்சு.”

வெள்ளைப் பக்கம். சுற்றும் வட்டம்.

அவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தருணத்துக்கான வார்த்தைகளை அவள் நூறு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். “உங்கள் கணினி பழையது சார். புதிய கணினிக்கு மாறவும்.”

“இது போன மாசம் வாங்கினது! பதிவையும் இதுக்கு மாத்தியாச்சு!”

“தூதன் அப்படி நினைக்கலையே. நான்தான் நினைக்க விடாம வச்சிருக்கேன். நாலு மாசமா.”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். கோவில்பட்டி, செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து, தோளில் நடுங்கிய கை, நாற்பத்தொரு நாள். நிதானமாகச் சொன்னாள். நடுவில் ஒரு நிமிஷம் போனது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் பேரு தங்கமாரியப்பன். அந்தப் பேரக் கேட்டுட்டு நீங்க சாகணும்னுதான் வந்தேன்.”

இளஞ்சேரன் சண்டை போடவில்லை. தரையில் மண்டி போட்டு, மடிக்கணினியை ஸ்டூலில் வைத்து, சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். “நான் தப்பா ஏதும் அழுத்திட்டேனா... மேகலா, மேகலா...” என்று தனக்குள்ளே பேசிக்கொண்டார்.

“யாரு மேகலா?”

“என் மனைவி. கல்லீரல் அவளுக்குத்தான். எனக்கில்லை. ஆஸ்பத்திரியில இருக்கா.” அவர் நிமிர்ந்தார். “என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளுக்கு இது எதுவுமே தெரியாது. நான் என்ன வேலை செய்யறேன்னுகூடச் சரியாச் சொன்னதில்லை.”

அங்கே ஒரு கட்டிலில், எழுந்து நிற்க முடியாமல், ‘நமக்குத்தானா’ என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். செண்பகவல்லி தன் திரைக்குத் திரும்பி அவர் வீட்டுக் கோப்பைத் திறந்தாள். டிக்கை எடுத்தாள்.

“எடுத்துட்டேன். திறங்க.”

திறந்தார். வட்டம். வெள்ளை. அவள் தன் திரையில் மதிப்பெண்ணைப் பார்த்தாள். டிக் எடுத்தும் அது நகரவில்லை. அவள் சொன்ன ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான்கு மாதமாகத் தூதன் தானாகவே அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தது. எந்தப் பக்கத்தையும் முடிக்காத வீடு. கடைசி வரிசை.

“மதிப்பெண்ண ஏத்துங்க சார். நீங்கதானே தலைமை.”

“முடியாது.” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “யாரும் சிபாரிசு பிடிச்சு மேல வந்துரக் கூடாதுன்னு, மனுஷக் கை ஏத்த முடியாதபடி நான்தான் எழுதினேன். மாசக்கணக்கா ஒழுங்கா இருந்தாத்தான் தானா ஏறும்.”

எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழிவாங்க வந்தவளின் கையிலும் இப்போது ஒன்றுமில்லை.

“வரிசையவே நிறுத்துங்க,” என்றாள் செண்பகவல்லி.

“என்ன?”

“ஒரு வீட்டுக்கு ஏத்த முடியாது. நாடு முழுக்க வரிசையே இல்லைன்னு ஆக்க முடியுமா?”

“அது... என் கைரேகைக்கு நிக்கும். ஆனா அத்தனை கோடிப் பேருக்கும் ஒரே நேரத்துல பக்கம் போகும். சர்வர் தாங்காது. ஆஸ்பத்திரி, ரயில், பேங்க், எல்லாம் விழுந்துரும்.”

“சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?”

அவர் சுற்றும் வட்டத்தைப் பார்த்தார்.

“சோதிச்சீங்களா சார்?”

“கணக்குப் போட்டோம். சோதிக்கலை.”

“எத்தனை வருஷமா?”

“ஏழு.”

அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அலுவலகக் கட்டுப்பாட்டுத் திரை தூதனில் ஓடுவதில்லை. அது அவளுடைய மேஜையிலேயே திறந்தது. இளஞ்சேரன் உட்கார்ந்தார். ‘வரிசையை நிறுத்தவா?’ என்று இரண்டு முறை கேட்டது. காரணம் கேட்டது. அவர் விரல் தட்டச்சுப் பலகை மேல் நின்றது.

“சோதனைன்னு போடுங்க,” என்றாள். “பொய் இல்லையே.”

கட்டைவிரலை வைத்தார். திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு அணைந்தது. பன்னிரண்டாவது நிமிஷம். மடிக்கணினியில் பதிவேட்டின் பக்கத்தைப் புதிதாகத் திறந்தார். செண்பகவல்லி தொழில் பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினாள்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

வெள்ளை.

“...ஆறு... ஏழு... எட்டு...”

ஒன்பதில் பக்கம் திறந்தது. அவர் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினார். ‘நன்றி. வாகனம் புறப்பட்டது’ என்று வந்தது. அந்த மனிதர் மேஜையில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதார்.

செண்பகவல்லி அழவில்லை. கட்டுப்பாட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எதுவும் வரவில்லை. ரயில் ஓடியது. பேங்க் ஓடியது.

“சார், நமக்கு எத்தனை செகண்ட் ஆச்சு?”

“ஒன்பது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மத்தவங்களுக்கு?”

அவர் திரையைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார். “எல்லாருக்கும் ஒன்பது.”

“ஒண்ணும் விழலையே.”

“விழலை.”

“அப்ப எதுக்கு சார் அந்த வரிசை?”

“புதுக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒரு செகண்ட்ல திறக்கணும்னுதான். ஒன்பதுன்னா யாரும் வேகமான பிரவுசர்னு சொல்ல மாட்டாங்க.”

எட்டு விநாடி. மேலே இருப்பவர்கள் எட்டு விநாடி காத்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் தங்கமாரியப்பன் நாற்பத்தொரு நாளில் போனார். அவளுக்குள் அடங்கியிருந்த கோபம் மறுபடி மூண்டது. முன்பைவிட நிதானமாக, முன்பைவிடச் சூடாக.

அலுவலகத் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்திருந்தன. இளஞ்சேரன் எழுந்து முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கட்டைவிரலைத் திரும்பவும் கட்டுப்பாட்டுத் திரைக்குக் கொண்டுபோனார்.

“என்ன பண்றீங்க?”

“மறுபடி போட்டுத்தான் ஆகணும் மேடம். பத்து நிமிஷம்னா சோதனைன்னு சொல்லிக்கலாம். அதுக்கு மேல நான் பதில் சொல்ல முடியாது. உங்க விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா.”

“போடுங்க,” என்றாள் செண்பகவல்லி. “போடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. உங்க வீட்டு மதிப்பெண் இன்னும் அங்கதான் இருக்கு. நான் ஏத்த முடியாது, நீங்களும் ஏத்த முடியாது. ஆபரேஷனுக்கு இன்னும் எத்தனை சம்மதம் கேப்பாங்க? ரத்தத்துக்கு, மருந்துக்கு, ஐசியூவுக்கு? எல்லாம் தூதன்லதானே வரும்?”

விரல் அந்தரத்தில் நின்றது.

“மாசக்கணக்கா ஒழுங்கா இருந்தா தானா ஏறும்னீங்க. வெள்ளைப் பக்கத்துக்கு முன்னாடி எப்படி ஒழுங்கா இருப்பீங்கன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரியலை.”

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு மனப்பாடமான அந்தச் சிரிப்பின் சுவடுகூட அந்த முகத்தில் இல்லை. தொலைபேசி விடாமல் அடித்தது. கையைத் திரையிலிருந்து எடுத்து, போனை எடுத்து, காய்ந்த குரலில் சொன்னார்: “ஆமா, நான்தான் நிறுத்தினேன். இல்லை, திரும்பப் போடப் போறதில்லை.”

செண்பகவல்லி தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் அனுப்பினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேகலா பிழைத்துக்கொண்டாள் என்று ஜெசிந்தா சொன்னாள். கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கியதில் செண்பகவல்லிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வரிசை திரும்ப வரவில்லை. கம்பெனி முதலில் குதித்தது. ஒரு மாதத்தில், கடைசி வரிசையில் கிடந்த கோடிக்கணக்கான வீடுகள் பக்கங்களை முடிக்க ஆரம்பித்ததைப் பார்த்து அமைதியாகிவிட்டது. அடுத்த வருஷம் இளஞ்சேரனுக்கு ‘சமத்துவ இணையத்தின் சிற்பி’ என்று ஒரு விருது கொடுத்தார்கள். செண்பகவல்லி கோவில்பட்டியில் ஜெசிந்தாவோடு போனில் பேசிக்கொண்டே டிவியில் அதைப் பார்த்தாள்.

“இவ்வளவு பெரிய முடிவை எடுக்க உங்களைத் தூண்டியது எது?” என்று நிருபர் கேட்டார்.

இளஞ்சேரன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். கேமராவை நேராகப் பார்க்கவில்லை. “மனசாட்சி,” என்றார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“அக்கா, கேட்டீங்களா? என்ன சொல்றான் பாருங்க!” ஜெசிந்தா கொதித்தாள். “நடந்ததை எழுதுங்கக்கா. ஊரே பாக்கட்டும்.”

“வேண்டாம்,” என்றாள் செண்பகவல்லி. “நான் இருக்கேன்னு அவருக்குத் தெரியும். அந்தப் பயத்துலதான் வரிசை நின்னுருக்கு. எழுதிட்டா பயம் போயிரும்.”

“அதுக்காக மனசாட்சின்னு சொல்லிட்டுத் திரியணுமா?”

“திரியட்டும்.” டிவியில் அவர் வியர்வையைத் துடைப்பதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். “என்னை அவர் வேற எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, பாவம்.”